அமெரிக்கத் தொடக்கப் பள்ளியில் இசை சொல்லிக்கொடுக்கப் போகிறவர்களுக்கு: இனவெறிக்கு இடம் கொடுக்காத சமூக-உணர்வுக் கற்றல் (எஸ்.இ.எல்.) வகுப்பு, படிப்படியாக

நியூஜெர்சியில் ஓர் அரசுத் தொடக்கப் பள்ளியில் இசை ஆசிரியராகச் சேர்ந்த முதல் நவம்பரில், இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவனின் பாட்டி என்னைப் பார்க்க வந்தார். கறுப்பினப் பெண்மணி, எழுபது வயதுக்கு மேல் இருக்கும். கையில் நாலாக மடித்த ஒரு தாள். டிசம்பர் நிகழ்ச்சிக்காக நான்கு வாரமாக நாங்கள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த ‘ஓ சூசன்னா’ பாட்டின் இரண்டாவது சரணத்தை, 1848-இல் அச்சானபடியே அதில் எழுதியிருந்தார். மின்சாரம் பாய்ந்து ஐந்நூறு கறுப்பர்கள் செத்ததாக, வசைச் சொல்லோடு, சிரிப்புக்காகச் சொல்லும் வரி. “தெரிந்து செய்திருக்க மாட்டீர்கள், அது எனக்குத் தெரியும். ஆனால் என் பேரன் இதைப் பாடிக்கொண்டே வீட்டுக்குள் வந்தான், டீச்சர்” என்றார்.

எனக்கு முன்பிருந்த ஆசிரியர் விட்டுப்போன ஃபைலில் இருந்த பாட்டு அது. முதல் சரணத்தை மட்டும் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டேன். அதே அறையின் சுவரில் “உன் உணர்ச்சியைச் சொல், மற்றவர் உணர்ச்சியை மதி” என்ற பெரிய அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. அந்த அட்டைக்குக் கீழே நின்றுதான் பிள்ளைகள் நான்கு வாரம் பாடினார்கள்.

அதற்குப் பிறகு ஒரு ஆண்டு முழுக்கத் தட்டுத்தடுமாறித்தான் வேலையைக் கற்றேன். நம் ஊரில் கர்நாடக இசையோ கீபோர்டோ படித்துவிட்டு இங்கே இசை ஆசிரியராக, துணை ஆசிரியராக, பள்ளிக்குப் போய் வகுப்பெடுக்கும் கலைஞராக வருபவர்கள் இப்போது நிறையப் பேர். அவர்களுக்காக எழுதுகிறேன். என் அனுபவம் நியூஜெர்சியில். சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்; அதைச் சொல்லவேண்டிய இடத்தில் சொல்கிறேன்.

1. எஸ்.இ.எல். என்றால் என்ன என்று முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்

சமூக-உணர்வுக் கற்றலைத்தான் பள்ளியில் எல்லாரும் எஸ்.இ.எல். என்கிறார்கள். 1994-இல் தொடங்கிய கேசல் என்ற அமைப்பு வகுத்த ஐந்து திறன்களைத்தான் பெரும்பாலான பள்ளிகள் பின்பற்றுகின்றன: தன்னை அறிதல், தன்னைக் கையாளுதல், பிறரைப் புரிந்துகொள்ளுதல், உறவு பேணுதல், பொறுப்போடு முடிவெடுத்தல். கேட்க நன்றாக இருக்கிறது. இரண்டாவது திறனில்தான் சிக்கல். ‘தன்னைக் கையாளுதல்’ என்பது வகுப்பில் மெல்ல மெல்ல ‘வாயை மூடிக்கொண்டு உட்கார்’ என்று ஆகிவிடுகிறது. தன்னைக் கேலி செய்யும் பாட்டைக் கேட்டுக் கோபப்படும் பிள்ளையிடம் மூச்சை இழுத்து விடச் சொன்னால், தப்பை நாம் வைத்துக்கொண்டு சரிசெய்யும் வேலையை அந்தப் பிள்ளையிடம் கொடுக்கிறோம்.

இதை உணர்ந்துதான் 2019-இலிருந்து கேசல் ஆய்வாளர்களே, அநீதியைக் கண்டுகொண்டு சேர்ந்து மாற்றும் திறனையும் சேர்த்து ‘மாற்றம் தரும் எஸ்.இ.எல்.’ என்று பேசுகிறார்கள். பிரின்சிபாலிடம் பேசும்போது இந்தச் சொல்லைச் சொல்லுங்கள். நீங்களாகக் கண்டுபிடித்த விஷயம் இல்லை என்று அவருக்குப் புரியும்.

2. ஆகஸ்டிலேயே கேட்டு வாங்கவேண்டிய காகிதங்கள்

செப்டம்பரில் வகுப்பு தொடங்கிவிட்டால் யாருக்கும் உங்களோடு பேச நேரம் இருக்காது. ஆகஸ்ட் மூன்றாவது வாரத்துக்குள் மின்னஞ்சல் போட்டு இவற்றை வாங்கிவிடுங்கள்:

- உங்கள் பள்ளி மாவட்டத்தின் இசைப் பாடத்திட்டம், மாநிலக் கலைத் தரநிலைகள்
- சர்ச்சைக்குரிய விஷயங்களை வகுப்பில் பேசுவது பற்றிய மாவட்டக் கொள்கை
- மாணவர்களிடம் கேள்வித்தாள் கொடுப்பது பற்றிய கொள்கை
- கேலி, கொடுமைப்படுத்தல் புகார்ப் படிவம்
- வெளியாரை வகுப்புக்கு அழைப்பதற்கான படிவங்கள்

நியூஜெர்சியில் சட்டம் நமக்குத் துணையாக இருக்கிறது. கறுப்பின வரலாற்றைப் பாடத்தில் சேர்க்க 2002-இல் அமிஸ்டாட் சட்டம் வந்தது. பன்முகத்தன்மை பற்றிய பாடத்துக்கு 2021-இல் ஒன்று, ஆசிய அமெரிக்கர் வரலாற்றுக்கு 2022 ஜனவரியில் ஒன்று. இல்லினாய் மாநிலம் 2004-லேயே எஸ்.இ.எல். தரநிலைகளைக் கொண்டுவந்தது. ஆனால் டெக்சஸ், ஓக்லஹோமா, டென்னசி, ஃபுளோரிடா மாநிலங்களில் 2021, 2022-இல் வந்த சட்டங்கள் இனம் பற்றி வகுப்பில் எப்படிப் பேசலாம் என்பதற்குக் கட்டுப்பாடு வைத்திருக்கின்றன. அங்கே இருப்பவர்கள் பாடத்திட்டத்தில் ‘பாடலின் தோற்றம்’, ‘மூல வரிகள்’ என்று தரநிலையின் சொற்களிலேயே எழுதி, முன்கூட்டிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். 2025-இலிருந்து வாஷிங்டனிலிருந்து வரும் உத்தரவுகளும் அவற்றின் மீதான வழக்குகளும் மாறிக்கொண்டே இருக்கின்றன. வாட்ஸாப்பில் வரும் செய்தியை நம்பாமல் மாவட்ட அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள்.

கேள்வித்தாள் விஷயத்தில் நான் நன்றாக மாட்டிக்கொண்டேன். முதல் வாரம் பிள்ளைகளைத் தெரிந்துகொள்ளலாம் என்று ஒரு தாள் கொடுத்தேன். “வீட்டில் உனக்கு எப்போது பயமாக இருக்கும்?” என்பது அதில் ஒரு கேள்வி. மறுநாளே இரண்டு பெற்றோர் பிரின்சிபாலை அழைத்துவிட்டார்கள். பிபிஆர்ஏ (மாணவர் உரிமைப் பாதுகாப்புத் திருத்தம்) என்ற 1978-ஆம் ஆண்டு கூட்டாட்சிச் சட்டம் இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும். மனநலம், அரசியல் நம்பிக்கை, மதப் பழக்கம், குடும்ப வருமானம் போன்ற எட்டு வகைக் கேள்விகளிலிருந்து அது பிள்ளைகளைக் காக்கிறது. மத்தியக் கல்வித் துறைப் பணத்தில் நடக்கும் கட்டாயக் கேள்வித்தாள் என்றால் பெற்றோரின் எழுத்துப்பூர்வ அனுமதி முன்கூட்டியே வேண்டும். மற்றவற்றுக்குப் பெற்றோருக்குத் தெரிவித்து, வேண்டாம் என்று சொல்ல வாய்ப்புக் கொடுக்கவேண்டும். அதனால் வீட்டைப் பற்றிக் கேட்காதீர்கள். “உன் வீட்டில் யார் பாடுவார்கள்? என்ன பாடுவார்கள்?” இது போதும். இதற்கே நிறைய வரும்.

இன்னொன்று. உணர்ச்சி பற்றிப் பேசும் வகுப்பில் பிள்ளைகள் அடி, துன்புறுத்தல் பற்றியும் சொல்லிவிடுவார்கள். நியூஜெர்சியில் அப்படிச் சந்தேகம் வரும் எவரும் மாநிலக் குழந்தைகள் நலத் துறைக்கு உடனே நேரடியாகத் தெரிவிக்கவேண்டும். கவுன்சலரிடம் சொல்லிவிட்டேன் என்பதோடு பொறுப்பு முடியாது.

3. பாட்டுப் பட்டியலைச் சலித்தெடுங்கள்

இதுதான் பெரிய வேலை. செலவு ஒரு டாலர்கூடக் கிடையாது, நேரம்தான் போகும். என் ஃபைலில் 140 பாட்டுகள். ஆறு சனிக்கிழமை, ஏறக்குறைய முப்பது மணி நேரம் ஆனது. பள்ளி தொடங்கும் முன் எல்லாவற்றையும் முடிக்கப் பார்க்காதீர்கள். முதல் மூன்று மாதத்துக்குப் பாடப்போகும் பாட்டுகளை மட்டும் முதலில் எடுங்கள்.

ஒரு எக்செல் தாளில் இந்தக் கட்டங்களைப் போடுங்கள்: பாட்டின் பெயர். எந்த மக்கள், எந்த ஊர், எந்த மொழி. முதலில் அச்சான ஆண்டு. மூல வரிகளை முழுக்கப் படித்தேனா. யாரிடமிருந்து எனக்கு வந்தது. எந்த இசைத் திறனைச் சொல்லிக்கொடுக்கப் பயன்படுகிறது. கடைசியில் முடிவு.

‘மூல வரிகளை முழுக்கப் படித்தேனா’ என்ற கட்டத்தில் ‘ஆம்’ வராத பாட்டை வகுப்புக்குக் கொண்டுபோகாதீர்கள். 19-ஆம் நூற்றாண்டில் வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பின மக்களைக் கேலி செய்து நடித்தது மின்ஸ்ட்ரல் மேடை. அங்கே பிறந்த பாட்டுகள் இன்று பாடப் புத்தகங்களில் ‘அமெரிக்க நாட்டுப்புறப் பாடல்’ என்ற பெயரில் உட்கார்ந்திருக்கின்றன. சின்னப் பிள்ளைகள் துள்ளிக் குதிக்கப் பயன்படுத்தும் ‘ஜிம் அலாங் ஜோசி’ அந்த மேடையிலிருந்து வந்ததுதான். எண்ணிக்கை சொல்லிக்கொடுக்கும் ‘டென் லிட்டில் இண்டியன்ஸ்’ 1868-இல் மின்ஸ்ட்ரல் மேடைக்காக எழுதப்பட்டு, பூர்வகுடிப் பிள்ளைகள் ஒவ்வொருவராகச் சாவதையும் காணாமல் போவதையும் வேடிக்கையாக்கியது. வரியை மாற்றிப் பாடினாலும் மெட்டுக்கு அந்த நினைவு போகாது. வீட்டில் ஒரு பாட்டிக்கு அது தெரிந்திருக்கும்.

மூல அச்சுத்தாள்களைப் பார்க்க லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் இணையத் தொகுப்பு இருக்கிறது, இலவசம். ஒலிப்பதிவுக்கு ஸ்மித்சோனியன் ஃபோக்வேஸ். அவர்களே ஆசிரியர்களுக்கான பாடத் திட்டங்களையும் இலவசமாக வைத்திருக்கிறார்கள். நாட்டுப்புறப் பாட்டுகளைச் சேகரித்த ஆலன் லோமாக்ஸ் ஊர் ஊராகப் பதிவு செய்தவையும் இணையத்தில் கேட்கக் கிடைக்கின்றன.

இங்கே வழக்கமாக விழும் குழிகள்:

ஒன்று, பாட்டை எடுத்துவிட்டு இடத்தைக் காலியாக விடுவது. நான் 19 பாட்டுகளை எடுத்தேன். ஜனவரியில் பார்த்தால் பதினாறாம் பங்குக் குறிப்புகளைச் சொல்லிக்கொடுக்க என்னிடம் பாட்டே இல்லை. அதற்காகத்தான் ‘எந்த இசைத் திறன்’ என்ற கட்டம். எடுக்கும்போதே அதே திறனுக்கு வேறு பாட்டை எழுதிவிடுங்கள். எல்லா ஜென்கின்ஸ் (Ella Jenkins) என்ற பாடகி 1957-இல் வெளியிட்ட முதல் ஆல்பத்திலிருந்து அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் குழந்தைகளுக்குப் பாடிய, ஒருவர் சொல்ல மற்றவர் திருப்பிச் சொல்லும் பாட்டுகள் இருக்கின்றன. (2024-இல் நூறு வயதில் காலமானார் அவர்.) அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலக் கடலோரத் தீவுகளிலிருந்து பாடகி பெஸ்ஸி ஜோன்ஸ் கொண்டுவந்த கைதட்டு விளையாட்டுகள் இருக்கின்றன. சீரான தாளமும் எதிர்த்தட்டும் சொல்லிக்கொடுக்க இவற்றை மிஞ்சியது எதுவும் என் கையில் இதுவரை கிடைக்கவில்லை.

இரண்டு, ‘ஆப்பிரிக்கப் பாட்டு’ என்று மட்டும் எழுதுவது. ஆப்பிரிக்காவில் ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள். ‘ஆசியப் பாட்டு’ என்று ஒருவர் நம் தாலாட்டை அறிமுகப்படுத்தினால் நமக்கு எப்படி இருக்கும்? நாடு, மொழி, மக்கள் பெயர் மூன்றும் தெரியாவிட்டால் அந்தப் பாட்டு காத்திருக்கட்டும்.

மூன்று, பூர்வகுடி மக்களின் பாட்டு. நவம்பரில் நன்றி தெரிவிக்கும் நாளை ஒட்டிக் காகித இறகுத் தொப்பியும் ‘டம் டம்’ முரசும் வைத்து யாரோ எழுதிய பாட்டுகளை முதலில் தூக்கிவிடுங்கள். அந்த இடத்தில் இணையத்தில் கிடைத்த உண்மையான பாட்டு ஒன்றை வைப்பதும் தவறாகலாம். பல மக்களிடம் பாட்டுக்கு உரிமையாளர் உண்டு, சடங்குக்கு மட்டுமே உரிய பாட்டு உண்டு. நியூஜெர்சி லெனாபே மக்களின் மண். அவர்கள் அமைப்பிடம் எழுதிக் கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் பாடவேண்டாம்; இன்று அந்த மக்களில் இருக்கும் ஒரு கலைஞர் தானே வெளியிட்ட பதிவைக் கேட்க வையுங்கள், அது போதும்.

நான்கு, பிப்ரவரிக்கு மட்டும் ஒதுக்குவது. கறுப்பின மக்களின் தேசிய கீதம் என்று சொல்லப்படும் ‘லிஃப்ட் எவ்ரி வாய்ஸ் அண்ட் சிங்’ பாட்டைப் பல பள்ளிகள் கறுப்பின வரலாற்று மாதமான பிப்ரவரியில் மட்டும் எடுக்கின்றன. 1900 பிப்ரவரி 12 அன்று ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில்லில் முதன்முதலில் அதைப் பாடியவர்கள் 500 பள்ளிக் குழந்தைகள். குழந்தைகள் பாடுவதற்காகவே எழுதிய பாட்டு, எந்த மாதமும் பாடலாம். காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் பணமும் கட்டவேண்டாம். அச்சில் உள்ள சுருதி சின்னப் பிள்ளைகளுக்கு எட்டாது. கொஞ்சம் இறக்கி, நான்காம் ஐந்தாம் வகுப்புக்குக் கொடுங்கள்.

ஐந்து, அடிமை முறைக் காலப் பாட்டுகளை நடித்துக் காட்டச் சொல்வது. “நீ தப்பி ஓடும் அடிமை, நீ துரத்துபவன்” என்று விளையாட்டு வைத்த ஆசிரியர்கள் உண்டு. எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். பாட்டைக் கேளுங்கள், அதைப் பாடியவர்களின் வலிமையைப் பேசுங்கள், பாடுங்கள். நடிப்பு வேண்டாம்.

4. பெயர்களை முதல் வாரத்திலேயே சரியாகப் பிடியுங்கள்

இசை ஆசிரியருக்கு ஒரு வாரத்தில் ஐந்நூறு பிள்ளைகள் வரை வருவார்கள், ஒவ்வொரு வகுப்பும் 40 நிமிடம். பெயர் தெரியாமலேயே ஜூன் வந்துவிடும்.

என் பெயரை இங்கே யாரும் முழுதாகச் சொன்னதில்லை. அந்த வலி தெரிந்திருந்தும், முதல் மாதம் நானும் அதையே செய்தேன். இந்த ஊர் வகுப்புகளில் வழக்கமான ‘பெயர் தாளம்’ விளையாட்டு: ஒவ்வொருவரும் தன் பெயரை நான்கு தட்டுக்குள் சொல்லவேண்டும். ‘எம்மா’ எளிதாக உட்கார்ந்துவிட்டது. ‘ஒலுவாசேயுன்’ என்ற நைஜீரியக் குடும்பத்துப் பெண் தன் முறை வந்ததும் “ஒலு” என்று மட்டும் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். தாளத்துக்குள் அடங்காதது தன் குற்றம் என்று ஆறு வயதில் அந்தப் பிள்ளைக்குத் தோன்றிவிட்டது.

அடுத்த வாரம் விளையாட்டைத் திருப்பிப் போட்டேன். பெயர் எவ்வளவு நீளமோ தாளம் அவ்வளவு நீளம். அவள் பெயருக்கு இருப்பதிலேயே நீளமான தாளம் கிடைத்தது. டா, டிடி என்ற தாளச் சொற்களில் அதைப் பலகையில் எழுதினோம், எல்லாரும் கைதட்டினோம், டிரம்மில் வாசித்தோம். மூன்றாவது சுற்றில் அவளே முன்னால் வந்து நின்று வாசித்துக் காட்டினாள்.

செய்யவேண்டியது: வகுப்பு ஆசிரியரிடம் அனுமதி வாங்கி, பிள்ளைகள் தங்கள் பெயரைத் தாங்களே சொல்வதைப் பள்ளிக் கருவியில் பதிவு செய்துகொள்ளுங்கள். சொந்தப் போனில் வேண்டாம். மாணவர் தனியுரிமை விதியில் சிக்கல் வரும். ஒரு வகுப்புக்குப் பத்து நிமிடம். காரில் போகும்போது கேட்டால் மூன்று வாரத்தில் மனதில் நின்றுவிடும்.

5. உணர்ச்சி அட்டையை அப்படியே நம்பாதீர்கள்

கடையில் விற்கும் இசை எஸ்.இ.எல். அட்டைகளில், மேற்கத்திய இசையின் இரண்டு சுர வரிசைகளை வைத்து, ‘மேஜர் என்றால் மகிழ்ச்சி, மைனர் என்றால் சோகம்’ என்று போட்டிருக்கும். கரகரப்பிரியா ராகத்தில் வருவது ‘சாதாரண காந்தாரம்’ என்ற சுரம், மைனரில் வரும் அதே காந்தாரம்தான். அந்தச் சுரத்தைக் கேட்டு நான் ஒருநாளும் சோகப்பட்டதில்லை. அப்படியிருந்தும் அட்டையில் இருந்ததைத்தான் சொல்லிக்கொடுத்தேன். மூன்றாம் வகுப்பில் ஒரு யூதப் பையன் கையைத் தூக்கி, “என் மாமா கல்யாணத்தில் இப்படித்தான் வாசித்தார்கள், எல்லாரும் ஆடினோம்” என்றான். நான் “இல்லை, இது சோகம்” என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் கிளெஸ்மர் இசையில் கல்யாண ஆட்டமே மைனரை ஒத்த முறைகளில்தான் போகும். அவன் சொன்னது முழுக்கச் சரி.

இப்போது அட்டைக்குப் பதில் மூன்று கேள்விகள் வைத்திருக்கிறேன். இதில் என்ன கேட்டது? உன் உடம்பு என்ன செய்யப் பார்த்தது? இதைப் போல வேறு எங்கே கேட்டிருக்கிறாய்? பதில் சொல்ல விருப்பமில்லை என்றால் தலையை ஆட்டிவிட்டு அடுத்தவருக்கு விடலாம். இந்தக் கடைசி விதியைக் கட்டாயம் வையுங்கள். எல்லார் முன்னாலும் உணர்ச்சியைத் திறந்து காட்டுவது எல்லாக் குடும்பத்துக்கும் வழக்கமில்லை, நம் குடும்பங்களுக்கும் இல்லை.

‘மனதை அமைதியாக்கும் இசை’ என்று மோசார்ட் மட்டும் போடுவதும் இதே தவறுதான். வீட்டில் தூங்கவைக்கப் பாடும் பாட்டு எது என்று பெற்றோரிடம் ஒரு வரியில் கேட்டு வாங்கினேன். பதினோரு மொழிகளில் தாலாட்டு வந்தது. வகுப்பு முடியும்போது வாரம் ஒன்றாகப் போடுகிறேன்.

6. யாரை அதிகம் அதட்டுகிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள்

2013–14 கல்வியாண்டுக்கான மத்தியக் கல்வித் துறைக் கணக்குப்படி, வெள்ளையினப் பிள்ளைகளைவிடக் கறுப்பினப் பிள்ளைகள் 3.8 மடங்கு அதிகமாகப் பள்ளியிலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். பாலர் வகுப்பிலேயே 3.6 மடங்கு. இது எங்கேயோ நடப்பது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வகுப்பில் உதவிக்கு வரும் துணை ஆசிரியரிடம் ஒரு தாளைக் கொடுத்து, நான் யார் பெயரைச் சொல்லி “உட்கார்”, “நிறுத்து” என்கிறேன் என்று இரண்டு வாரம் கோடு போடச் சொன்னேன். பாதிக்கு மேல் கோடுகள் நான்கு பிள்ளைகள் பெயரில். அதில் மூவர் கறுப்பினப் பையன்கள். அவர்கள் செய்தது என்ன? நான் பாடி முடிக்கும் முன் பதில் குரல் கொடுத்தார்கள், உட்கார்ந்தபடியே தோளை ஆட்டினார்கள், பாட்டுக்கு நடுவே “யா!” என்றார்கள்.

நான் நாகர்கோவில் பக்கம் வளர்ந்தவள். அம்மன் கோயில் கொடையில் வில்லுப்பாட்டு நடக்கும்போது பின்னால் இருப்பவர்கள் “ஆமா” போடாவிட்டால் பாட்டே நகராது. கேட்பவர் கூடச் சேர்வதும் இசைதான் என்று சின்ன வயதிலேயே தெரிந்த நான், இங்கே வந்து அதையே ‘ஒழுங்கீனம்’ என்று எழுதிக்கொண்டிருந்தேன். அந்தப் பிள்ளைகள் ஞாயிறுதோறும் தேவாலயத்தில் பழகியதை என் வகுப்பில் செய்தார்கள், அவ்வளவுதான்.

எனவே: நடத்தையைப் பார்த்துப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிள்ளைகள் பெயரைக் கதவருகே மாட்டும் அட்டையைக் கழற்றிவிடுங்கள். எந்தப் பாட்டுக்குக் கூடச் சேரலாம், எதற்குக் காது மட்டும் என்று பாடும் முன்பே சொல்லுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கோடு போட்டுப் பாருங்கள். எண்ணுவதற்குத் துணைக்கு ஆளில்லை என்றால் உங்கள் குரலை மட்டும் பதிவு செய்து நீங்களே எண்ணலாம். பிரின்சிபாலிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

7. வெளியாரை அழைக்கும்போது பணமும் படிவமும்

ஒரு பாட்டுக்கு உரிய மக்களிடமிருந்தே ஒருவர் வந்து சொல்லிக்கொடுப்பதற்கு ஈடு இல்லை. நான் முதலில் அழைத்தது, தாளோடு வந்த அந்தப் பாட்டியைத்தான். தான் தெருவில் ஆடிய கைதட்டு விளையாட்டுகள் நான்கை இரண்டாம் வகுப்புக்குச் சொல்லிக்கொடுத்தார். டிசம்பர் நிகழ்ச்சியில் ‘ஓ சூசன்னா’ இருந்த இடத்தில் அவற்றையே மேடையேற்றினோம்.

சும்மா வந்து செய்யச் சொல்லாதீர்கள். மற்ற கலைஞர்களுக்கெல்லாம் பணம் கொடுத்துவிட்டு, கறுப்பினப் பாட்டியையும் பறை வாசிப்பவரையும் ‘அன்புக்காக’ அழைப்பது நியாயமில்லை. நான் அரைநாளுக்கு 250 டாலர் கேட்டு வாங்கிக் கொடுத்தேன். நடைமுறை இது:

- வருபவர் டபிள்யூ-9 என்ற வரி எண் படிவம் நிரப்பித் தரவேண்டும். வணிக அலுவலகம் கொள்முதல் ஆணை போடும். அது கைக்கு வராமல் நிகழ்ச்சியை நடத்திவிட்டால் பணம் வராது. ஆறு முதல் எட்டு வாரம் முன்பே தொடங்குங்கள்.
- ஒருநாள் வந்துபோகிறவருக்கு நீங்கள் கூடவே இருந்தால் பெரும்பாலும் கைரேகைச் சோதனை கேட்பதில்லை. வாராவாரம் வருபவர் என்றால் கேட்பார்கள். அந்தச் செலவை யார் கட்டுவது என்று முன்பே பேசிவிடுங்கள்.
- நம் ஆட்களுக்கு முக்கியமானது: எச்-4 என்ற குடும்பத்தினர் விசாவில் வேலை அனுமதி அட்டை இல்லாதவருக்கும், பி-2 என்ற சுற்றுலா விசாவில் பேரப்பிள்ளைகளைப் பார்க்க வந்த தாத்தா பாட்டிக்கும் பணம் கொடுக்கக் கூடாது. சன்மானம் என்று பெயர் வைத்தாலும் அது சம்பளக் கணக்கில்தான் வரும், அவர்கள் விசாவுக்கே ஆபத்து. அவர்கள் ஒரு பெற்றோராக, தாத்தாவாக வந்து ஒரு பாட்டுப் பாடிவிட்டுப் போகலாம்.

பணம் எங்கிருந்து வரும்? பெற்றோர் சங்கத்தில் செப்டம்பர் கூட்டத்திலேயே கேளுங்கள். அக்டோபரில் கேட்டால் ஒதுக்கி முடித்திருப்பார்கள். டைட்டில் 4-ஏ என்ற மத்திய நிதியை இசைக்கும் எஸ்.இ.எல்.-க்கும் செலவிடலாம், மாவட்டத்தில் அதைக் கவனிப்பவர் யார் என்று கேளுங்கள். கருவிகளுக்கு, ஆசிரியர்களுக்கு நன்கொடை திரட்டித் தரும் டோனர்ஸ்சூஸ் தளத்தில் விண்ணப்பிக்கலாம்.

பறை பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். நம் இசை என்று வரும்போது வீணை, பரதம் மட்டும் கொண்டுபோனால், சாதியால் ஒதுக்கியதை இங்கேயும் ஒதுக்குகிறோம். ஐந்தாம் வகுப்புக்குப் பறை வாசிப்பவரை அழைத்தபோது, “அது சாவுக்கு அடிப்பது, வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு அதையா காட்டுவது?” என்று தமிழ்ப் பெற்றோர் ஒருவரே எனக்கு எழுதினார். நான் நிகழ்ச்சியை மாற்றவில்லை. கறுப்பினப் பிள்ளைகளின் இசைக்கு மரியாதை கேட்டுக்கொண்டு, நம் ஊரில் மரியாதை மறுக்கப்பட்ட பறைக்குக் கதவைச் சாத்த என்னால் முடியாது. நடைமுறைக் குறிப்பு: தோல் பறையை நெருப்பில் காய்ச்ச பள்ளியில் விடமாட்டார்கள், புகை எச்சரிக்கை மணி அடித்துவிடும். செயற்கைத் தோல் போட்ட பறையைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

8. வகுப்பில் இனவெறிப் பேச்சு வந்தால்

வரும். சீனக் குடும்பத்துப் பிள்ளை பாடியதும் இன்னொரு பையன் கண்ணை இழுத்துக்கொண்டு “சிங் சாங்” என்றான். நான் காதில் விழாதது போல அடுத்த பாட்டுக்குப் போய்விட்டேன். அந்தப் பெண் அதன் பிறகு இரண்டு மாதம் தனியாகப் பாடவே இல்லை.

இப்போது செய்வது: இசையை நிறுத்துவேன். “அது ஒருவரின் மொழியைக் கேலி செய்தது. இந்த அறையில் அது கிடையாது” என்று சாதாரணக் குரலில் சொல்வேன். பாதிக்கப்பட்ட பிள்ளையை அங்கேயே “உனக்கு எப்படி இருக்கிறது?” என்று கேட்கமாட்டேன், எல்லார் கண்ணும் அவள்மீது திரும்பும். வகுப்பு முடிந்ததும் தனியாகப் போய், “நான் கேட்டேன், அது தப்பு” என்று மட்டும் சொல்வேன். “சாரி சொல்லிக் கட்டிக்கொள்ளுங்கள்” என்று கட்டாயப்படுத்துவதும் வேண்டாம். அப்புறம் காகித வேலை. நியூஜெர்சியின் 2011 கொடுமைப்படுத்தல் தடுப்புச் சட்டப்படி, இனத்தை வைத்து நடந்த கேலியைப் பிரின்சிபாலிடம் அன்றே வாயால் சொல்லவேண்டும், இரண்டு பள்ளி நாட்களுக்குள் எழுத்தில் கொடுக்கவேண்டும். தேதி, நேரம், கேட்ட சொல், பக்கத்தில் இருந்தவர்கள். பிள்ளைகளின் முழுப் பெயரை மின்னஞ்சலின் தலைப்பில் போடாதீர்கள்.

9. ஆண்டு நாட்காட்டி

ஆகஸ்டில் காகிதங்களும் முதல் நாற்பது பாட்டுகளும். செப்டம்பரில் பெயர்கள், பெற்றோருக்கு ஒரு பக்கக் கடிதம், பெற்றோர் சங்கக் கூட்டம். இந்தக் கடிதத்தை முடிந்தால் ஸ்பானிஷிலும் அனுப்புங்கள். மாவட்டத்தில் மொழிபெயர்ப்பாளர் இருப்பார். நியூஜெர்சியில், ஆசிரியர் மதிப்பீட்டுக்கான மாணவர் வளர்ச்சி இலக்குகளை அக்டோபர் 31-க்குள் கொடுக்கவேண்டும். ‘அமைதியாக உட்காருதல்’ போன்றதை இலக்காக எழுதாமல், ‘மற்றவர் தாளத்தைக் கேட்டுப் பதில் வாசித்தல்’ என்று இசையாகவே எழுதுங்கள். டிசம்பர் நிகழ்ச்சிப் பட்டியலை அக்டோபர் நடுவிலேயே முடித்து பிரின்சிபாலுக்குக் காட்டிவிடுங்கள், நான் பட்டது போல மூன்று வாரம் முன்பு மாற்றவேண்டி வராது. அடுத்த ஆண்டுக் கருவிகளுக்கான கோரிக்கையை எங்கள் மாவட்டத்தில் ஜனவரி, பிப்ரவரியில் கேட்பார்கள்.

ஜூனில், எடுத்துவிட்ட பாட்டுகளின் பக்கங்களைக் கிழித்துப் போடாதீர்கள். ஒவ்வொன்றின் முதல் பக்கத்திலும் ஏன் எடுத்தீர்கள், எந்த ஆண்டு அச்சில் என்ன இருந்தது, அதே திறனுக்கு எந்தப் பாட்டை வைத்தீர்கள் என்று மூன்று வரி எழுதி ஒட்டுங்கள். அந்த எக்செல் தாளையும் அச்சடித்து ஃபைலின் முன்னால் வையுங்கள். நீங்கள் வேறு பள்ளிக்கு மாறிப் போனாலும் அந்த ஃபைல் அதே அலமாரியில்தான் இருக்கும், ஆகஸ்டில் புதிதாக வருபவர் அதைத்தான் முதலில் திறப்பார்.